ஆய்வுகூடக் கருவிக்கு அரச நிதி கேட்கும் முறை: வன்னியில் கற்பிப்போருக்கான வழிகாட்டி

ஆய்வுகூடத்துக்கு ஒரு கருவி தேவை என்ற முடிவுக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, கொழும்பிலுள்ள முகவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விலை கேட்பதாகும். முகவர் மறுநாளே வண்ணப் படங்களுடன் விலைமனுவை அனுப்பிவிடுவார். அதிலுள்ள தொகையைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதி, "கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது" என்று ஒரு வரியையும் சேர்த்து, பீடாதிபதியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். நானும் அப்படி மூன்று தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. நான்காவது தடவை முகவரை அழைக்காமல், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கருவி வைக்கப்போகும் அறைக்குப் போனேன். கதவின் அகலத்தை அளந்ததிலிருந்து தொடங்கிய அந்தக் கோரிக்கைக்குத்தான் பணம் கிடைத்தது.

இக்குறிப்பு வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் விஞ்ஞானம், பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகியவற்றைக் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர்களையும், புதிதாகத் துறைத்தலைமை ஏற்றவர்களையும் மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. கருவியின் விலை ஒரு கோரிக்கையின் சிறிய பகுதி மட்டுமே. அறை, மின்சாரம், நீர், கருவியை இயக்கும் ஆள், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான நுகர்பொருள் ஆகிய அனைத்துக்கும் விடை சொல்லும் கோரிக்கையிலேயே நிதி தருபவர் தயக்கமின்றிக் கையொப்பமிடுவார்.

பணம் எந்த வழியால் வருகிறது

அரச பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கருவி வாங்கும் பணம் பிரதானமாக ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலதன ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. துறையின் தேவை பீடத்துக்கும், பீடத்தின் தேவை பல்கலைக்கழகத்துக்கும் போய், அங்கிருந்து 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும், பின்னர் அமைச்சின் ஊடாகத் திறைசேரிக்கும் செல்கிறது. பம்பைமடுவில் இருப்போருக்கு இப்பாதை முன்பைவிடச் சற்றுக் குறுகியிருக்கிறது. 1997 இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய நிறுவனம் 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றதிலிருந்து, அதற்கென்று ஒரு துணைவேந்தரும் பேரவையும் நிதியாளரும் உள்ளனர். அறிவியல் நகரிலுள்ள பீடங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதிகள் என்பதால், அங்கிருந்து எழும் கோரிக்கை முதலில் வடக்கே திருநெல்வேலிக்குப் போய், அங்குள்ள பீடங்களின் தேவைகளோடு வரிசையில் நின்ற பின்னரே கொழும்புக்குத் திரும்பும். ஆகவே அறிவியல் நகரில் உள்ளவர்கள் கோப்பை அனுப்புவதோடு நில்லாமல், வரவு செலவுத் திட்டத்தைத் தொகுக்கும் நாட்களில் ஒருவராவது நேரில் போய் நிதிக்கிளையில் அமர்ந்து வருவது நல்லது.

மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்ற பிரிவினையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கருவி மூலதனத்தில் வாங்கப்படும். அதற்கு ஊட்டும் இரசாயனமும் வாயுவும் கண்ணாடிப் பொருட்களும் மின்கட்டணமும் மீண்டெழும் செலவில் அடங்கும். இரண்டும் வெவ்வேறு பைகள் என்பதால், ஒன்றில் பணம் கிடைத்து மற்றதில் கிடைக்காமற்போவது சாதாரணமாக நடக்கும். பெட்டி பிரிக்கப்பட்ட புதுக் கருவி, வாயுச் சிலிண்டர் வாங்க வழியின்றித் துணி போர்த்தியபடி ஒரு வருடம் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இன்னொரு பிரிவினையும் உண்டு. திறைசேரியின் செலவினக் குறியீடுகளில் 2103 புதிய இயந்திரங்களுக்கும் உபகரணங்களுக்கும் உரியது. 2002 இருப்பவற்றைப் புனரமைப்பதற்கு உரியது. ஒரு சுற்றுப்பலகையை மாற்றினால் ஓடக்கூடிய கருவியை ஓரமாகத் தள்ளிவிட்டு, 2103 இன் கீழ் முற்றிலும் புதியதைக் கேட்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கமாகும். திருத்தச் செலவைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தொகை சிறியது என்பதால் அது எளிதாகக் கடந்து போகும்.

இரண்டாவது வழி போட்டி அடிப்படையிலான ஆராய்ச்சி மானியம். 1994 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க விஞ்ஞான, தொழினுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய விஞ்ஞான மன்றமும், தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் இதில் முக்கியமானவை. இங்கே பணம் துறைக்காகவன்றி, குறிப்பிட்ட ஆய்வு வினாவுக்காகவே தரப்படுகிறது. அந்த வினாவுக்கு விடை காண உண்மையிலேயே தேவைப்படும் கருவியை மட்டுமே அதில் சேர்க்கலாம். மாணவர் செய்முறைக்கும் உதவும் என்று நினைத்து ஐந்து நுணுக்குக்காட்டிகளைச் சொருகிவிடுவோரை மதிப்பீட்டாளர்கள் முதற்பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவர்.

மூன்றாவது, உலக வங்கி போன்றவற்றின் கடனில் அரசு நடத்தும் உயர்கல்வித் திட்டங்கள். 2017 இல் தொடங்கிய, 10 கோடி டொலர் பெறுமதியான அஹெட் திட்டம் அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு முன்னர் எச்.ஈ.ரீ.சி. என்ற திட்டம் நடந்தது. ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதற்கு இடையில் ஆண்டுகள் கழியும் என்பதால் இவற்றை நம்பித் துறையின் அன்றாடத் தேவையைத் தள்ளிப்போடக் கூடாது. நான்காவது, அறிவியல் நகரில் இந்தியாவினதும் ஜப்பானினதும் கொடையால் எழுந்த கட்டடங்களைப் போல, அரசுக்கும் அரசுக்கும் இடையிலான உடன்பாட்டால் வருவது. அதற்கு விரிவுரையாளர் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் தூதுக்குழு வந்து "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கும் நாளில், யோசித்து எழுதிய பட்டியல் மேசையில் இருந்தால் கட்டடத்தோடு கருவியும் வரும், இல்லாவிட்டால் கட்டடம் மட்டுமே வரும்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நமது நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டிலேயே செலவழிக்க வேண்டும். டிசம்பர் 31 இல் கருவி கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது என்பது காரணமாக ஏற்கப்படாமற் போகலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கருவிக்கு விவரக்குறிப்பு, விலைமனு அழைப்பு, மதிப்பீடு, பெறுகைக் (கொள்வனவுக்) குழுவின் அங்கீகாரம், வங்கியின் நாணயக் கடிதம், கப்பல், சுங்கம், பொருத்துதல் என்று மாதங்கள் போகும் என்பதால், டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரியிலேயே விவரக்குறிப்பு முற்றாகத் தயாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும். அடுத்த ஆண்டுக்கான தேவைகள் இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே திரட்டப்படுகின்றன. அப்போது மூலோபாயத் திட்டத்திலும் ஆண்டுப் பெறுகைத் திட்டத்திலும் பெயர் ஏறாத கருவிக்குப் பிறகு எவ்வளவு அழகாக எழுதினாலும் வழி பிறப்பதில்லை.

சில ஆண்டுகளில் நாட்காட்டியே சுருங்கிவிடும். வழமையாக நவம்பரில் முன்வைக்கப்படும் வரவு செலவுத் திட்டம், தேர்தல்களின் காரணமாக 2025 ஆம் ஆண்டுக்கு அவ்வாண்டு பெப்ரவரி 17 ஆம் திகதியே முன்வைக்கப்பட்டு மார்ச் 21 ஆம் திகதி நிறைவேறியது. அவ்வாறான ஆண்டில் மூலதனப் பணத்தைச் செலவழிக்க மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்பது மாதங்கள்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒக்டோபர் மாதத்தில் ஒரு பிற்பகல் நிதிக்கிளையிலிருந்து அழைப்பு வரும்: "வேறொரு பீடத்தின் பணம் மிஞ்சிவிட்டது, நாளை மறுநாளுக்குள் ஏதாவது தர முடியுமா?" அன்றைக்குத்தான் எல்லாரும் ஓடித் திரிவர். விவரக்குறிப்பும் அறை அளவும் நியாயப்படுத்தலும் ஒரே கோப்பில் ஏற்கனவே இருக்கும் துறைத்தலைவர், முன்னட்டையில் திகதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். உள்நாட்டு முகவரிடம் இருப்பில் உள்ள தராசு, நீர்த்தொட்டி, சிறு மையநீக்கி போன்றவற்றை இவ்வாறான பணத்துக்கென்று தனியாக ஒரு பட்டியலில் வைத்திருங்கள்.

அறையை முதலில் பாருங்கள்

நான் முன்னர் பணியாற்றிய ஓரிடத்தில் பெரிய அமுக்கக் கிருமிநீக்கி ஒன்று வந்திறங்கியது. லொறியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஆய்வுகூடக் கதவால் அது உள்ளே போகவில்லை. கதவுச் சட்டத்தைக் கழற்ற அனுமதி பெற்று, மேசன் வந்து, ஒரு வழியாக உள்ளே கொண்டுபோன பின்னர்தான், அதற்கு மும்முனை மின் வேண்டும் என்பதும், அந்தக் கட்டடத்துக்கு ஒருமுனை மின் மட்டுமே வருகிறது என்பதும் தெரியவந்தது. மின்சார சபைக்கு விண்ணப்பித்து, மதிப்பீடு வந்து, அதற்கான பணம் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் ஏறி, இணைப்புக் கிடைத்த நாளில் கருவியின் உத்தரவாதக் காலம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. முதல் தடவை ஆளியைப் போட்டபோது வெப்பச்சுருள் வேலை செய்யவில்லை. முகவர் மிகப் பணிவாகத் திருத்தச் செலவுக்கான விலைமனுவை அனுப்பினார். விவரக்குறிப்பை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

ஆகவே கோரிக்கையோடு ஒரு பக்க அறைக்குறிப்பை இணையுங்கள். கதவின் அகலமும் உயரமும், வாசலிலிருந்து மேசை வரையான பாதையில் உள்ள திருப்பங்களும் படிகளும், மேசை தாங்கும் எடையும், மின்சாரம் ஒருமுனையா மும்முனையா என்பதும், புவித்தொடுப்பு எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். வன்னியில் ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் பிற்பகல் இடிமின்னலோடு மின்னழுத்தம் ஏறி இறங்கும். மின்பிறப்பாக்கி தானாக இயங்குவதற்கு எடுக்கும் சில வினாடிகளே நுண்ணிய கருவியொன்றின் சுற்றுப்பலகையை எரிக்கப் போதுமானவை. எனவே மின்னழுத்த நிலைப்படுத்தியையும் யூ.பி.எஸ்ஸையும் "துணைப்பொருள்" என்று கடைசி வரியில் எழுதாமல், கருவியின் பிரிக்க முடியாத பகுதியாகவே விலையில் சேர்க்க வேண்டும். வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழுள்ள அறை எவ்வளவு சூடேறும் என்பதை வெப்பமானி வைத்து ஒரு கிழமை அளந்து எழுதினால், குளிரூட்டியை ஆடம்பரம் என்று எவரும் வெட்ட மாட்டார்கள்.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமது குழாய்க்கிணற்று நீரின் வன்மையை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. தேநீர்க் கேத்தலின் அடியைப் பார்த்தாலே போதும். அதே நீரை வாலைவடிகலத்துக்குள் விட்டால் சில மாதங்களில் வெப்பச்சுருளைச் சுற்றி வெள்ளை ஓடு கட்டி, கடைசியில் சுருள் அறுந்துபோகும். தூயநீர்த் தொகுதியைக் கேட்பவர்கள் கொழும்பிலுள்ள துறையொன்றின் விவரக்குறிப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது. முதலில் தங்கள் ஆய்வுகூடக் குழாயில் வரும் நீரின் மொத்த வன்மையையும் மின்கடத்துதிறனையும் மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை அளந்து, அந்த எண்களை விவரக்குறிப்பில் எழுத வேண்டும். "உள்வரும் நீரின் வன்மை இவ்வளவு, இதைத் தாங்கும் முற்பரிகரிப்பு அலகு உட்பட" என்று எழுதிவிட்டால், பின்னர் வடிகட்டி மூன்று மாதத்தில் அடைபடும்போது முகவர் நீரின்மேல் பழிபோட முடியாது.

வாயு வேண்டிய கருவியானால் இன்னும் கவனம் வேண்டும். அசற்றிலீன் வாயுவைச் செப்புக் குழாயால் கொண்டுபோகக் கூடாது. செப்பும் அசற்றிலீனும் சேர்ந்து உருவாகும் சேர்வை வெடிக்கும் இயல்புடையது. குளிரூட்டி பொருத்த வந்தவர் மிஞ்சிய செப்புக் குழாயைக் காட்டி "இதாலேயே இழுத்துவிடலாம் சேர்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். துருவேறா உருக்குக் குழாய், கட்டடத்துக்கு வெளியே பூட்டிய சிலிண்டர்க் கூண்டு, சுவாலைக்கு மேலே புகைபோக்கி ஆகிய மூன்றும் கட்டட வேலையாகப் பதியப்படுவதால், பல்கலைக்கழகப் பொறியியலாளரின் மதிப்பீட்டைக் கருவிக் கோரிக்கையோடு ஒரே நேரத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நியாயப்படுத்தலை எழுதுவது

"வவுனியா மாவட்டத்தில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவதால் கிணற்று நீரில் புளோரைட்டை ஆராய அணு உறிஞ்சல் நிறமாலைமானி தேவை." இப்படியொரு வசனத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் வாசித்திருக்கிறேன். அக்கறை உண்மையானது, ஆனால் அக்கருவியால் புளோரைட்டை நேரடியாக அளக்க முடியாது. அது உலோகங்களுக்கு உரியது. புளோரைட்டுக்கு அயன் தெரிவு மின்வாயும் அதற்குரிய தாங்கற் கரைசலும் போதும். அவற்றின் விலையும் பல மடங்கு குறைவு. இந்த ஒரு வசனத்தோடு மதிப்பீட்டாளர் கோப்பை மூடிவிடுவார், மீதிப் பதினான்கு பக்கங்களை அவர் வாசிக்கவும் மாட்டார்.

இனி அதே அக்கறையைச் சரியாக எழுதுவதைப் பார்ப்போம். முதலில் எதை, எந்தச் செறிவில் அளக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். குடிநீருக்கான இலங்கைத் தரநியமம் 614 இன் 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராமையும், மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராமையும் உச்ச எல்லைகளாகக் கொள்கிறது. கட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 3 மைக்ரோகிராம். புளோரைட்டையும் வன்மையையும் அளப்பதற்கு மின்வாயும் வழமையான நியமிப்பும் போதும். கட்மியம் என்று வந்துவிட்டால், அணு உறிஞ்சல் நிறமாலைமானியின் சுவாலை முறைக்குரிய கண்டறி எல்லை இந்த 3 மைக்ரோகிராமுக்கு மிக அருகில் இருப்பதால் அதனை நம்பி எண் சொல்ல முடியாது. காரீய (கிராபைற்று) உலை இணைந்த கருவி வேண்டும். அதற்கு ஆகன் வாயுவும் குளிர்நீர்ச் சுற்றும் வேண்டும். இவ்வாறு எல்லை எண்ணிலிருந்து முறைக்கும், முறையிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து துணை வசதிக்கும் ஒவ்வொரு படியாக இறங்கி வரும் பந்தியை வெட்டுவது எவருக்கும் கடினம். ஏனெனில் எந்தப் படியை அகற்றினாலும் மற்றவை நிற்கமாட்டா.

அடுத்து, அக்கருவி எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். எந்தப் பாடத்தின் எத்தனையாவது செய்முறை, எத்தனை மாணவர், எத்தனை குழு, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதிப் பார்க்கும்போது, பெரிய கருவிகளிற் பல ஒரு துறையால் மட்டும் நிரம்பமாட்டா என்பது உங்களுக்கே தெரியவரும். அப்போது வெட்கப்படாமல் பக்கத்துத் துறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரயோக விஞ்ஞானமும் தொழினுட்பமும் ஒரே வளவில் இருக்க, இரு பீடங்களும் தனித்தனியே ஒரே கருவியைக் கேட்டுக் கொழும்பில் இரண்டும் வெட்டுப்படுவதைவிட, ஒரு கருவி, ஒரு பொது அறை, இரண்டு பீடாதிபதிகளின் கையொப்பம் என்று கேட்பது பலன் தரும். எந்த நாட்களில் எவர் பாவிப்பது, பழுதானால் எந்தப் பீடத்தின் ஒதுக்கீட்டிலிருந்து திருத்துவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிட்ட தாளைச் சேர்த்துவிட்டால், "பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே" என்ற கேள்விக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ அக்கருவி இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய் வந்த அனுபவம் இருந்தால், போன நாள், காத்திருந்த நாள், பழுதான மாதிரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு அதனையே சான்றாக எழுதுங்கள்.

இயக்குபவர் யார் என்ற கேள்விக்குப் பெயரைவிடப் பதவியைச் சொல்வதே சரி. விரிவுரையாளர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விடுவார். கருவியோடு இருக்கப்போகிறவர் தொழினுட்ப உத்தியோகத்தர். பயிற்சியில் அவருக்கும், அவர் விடுமுறையில் இருக்கும்போது பொறுப்பேற்கும் இன்னொருவருக்கும் இடம் கேளுங்கள்.

விலையைக் கணக்கிடுவது

20,000 டொலர்க் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அதன் விலை 40 இலட்சம். ரூபா மிதக்கவிடப்பட்ட பின்னர், மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே கருவி 72 இலட்சமாயிற்று. 40 இலட்சத்துக்கு அங்கீகாரம் வைத்திருந்தவர்கள் பாதிக் கருவியை வாங்க முடியாதல்லவா? ஆகையால் மதிப்பீட்டில் டொலர் விலை, கணக்கிட்ட நாளின் மாற்றுவீதம், அந்த நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வீதம் மாறும்போது திருத்திய மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் கேட்க அது அடிப்படையாகும். இப்போது 300 ரூபா என்று கொண்டால் 60 இலட்சம். 2024 ஜனவரி 1 இலிருந்து நடைமுறையிலுள்ள 18 சதவீதப் பெறுமதி சேர் வரி 10 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 70 இலட்சத்து 80 ஆயிரம். வரியைச் சேர்க்க மறந்து கருவியின் துணைப்பாகங்களைக் கைவிட்ட துறைகள் உண்டு. வரிவிலக்குக் கிடைக்குமா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள். நிதியாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலைப் பெறுங்கள்.

இதன் பின்னர் ஐந்தாண்டுச் செலவை எழுத வேண்டும். விளக்கு, மின்வாய், நிரல், வடிகட்டி, வாயு, அளவுதிருத்தக் கரைசல், உத்தரவாதம் முடிந்த பின்னரான பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றை ஆண்டு வாரியாக எழுதி, எவற்றைக் கருவியோடு சேர்த்து மூலதனத்தில் வாங்கலாம், எவை மீண்டெழும் செலவில் வரும் என்று பிரித்துக் காட்டுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கான நுகர்பொருளைக் கருவியின் பொதியிலேயே சேர்த்துக் கேட்பது என்னுடைய வழக்கம். கொழும்பிலிருந்து ஏ-9 வீதியால் பொறியியலாளர் வந்து போகும் பயணச் செலவை யார் தாங்குவது என்பதையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அவர் வவுனியாவில் இன்னொரு வேலை கிடைக்கும்வரை உங்கள் கருவி காத்திருக்கும்.

விவரக்குறிப்பும் பெறுகையும்

அரச பெறுகைகளுக்குத் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 இலிருந்து நடைமுறையில் உள்ளன. பழைய 2006 ஆம் ஆண்டு வழிகாட்டலை மனப்பாடமாக வைத்திருக்கும் சக ஊழியர்களின் அறிவுரையைப் பின்பற்றுமுன், வழங்கற் கிளையிடம் இப்போதைய நடைமுறையையும் உச்சத்தொகைகளையும் கேட்டறிவது நல்லது. விதி மாறினாலும் மாறாத சில உண்டு. விவரக்குறிப்பில் வணிகப் பெயரை எழுதக் கூடாது. எழுத நேர்ந்தால் "அல்லது அதற்குச் சமமானது" என்று சேர்க்க வேண்டும். ஒரே கம்பனியின் கையேட்டிலிருந்து எண்களை அப்படியே எடுத்து எழுதுவதும் பெயரை எழுதியதற்குச் சமம்தான். மற்ற விலைமனுதாரர் முறையிடுவார், முழு நடவடிக்கையும் இரத்தாகும், டிசம்பர் வந்துவிடும்.

அதேவேளை மிகத் தளர்வாக எழுதினால், குறைந்த விலைக்கு வரும் எதையும் ஏற்க வேண்டியதாகிவிடும். வேலைக்கு உண்மையில் வேண்டிய இழிவு எல்லையை மட்டும் எண்ணாக எழுதுங்கள்: அலைநீள வீச்சு இவ்வளவுக்குக் குறையாதது, மீள்நிகழ்திறன் இவ்வளவுக்குள், அறை வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரை இயங்கக்கூடியது. இவற்றோடு, உற்பத்தியாளரின் அதிகாரமளிப்புக் கடிதம், இலங்கையில் பயிற்சி பெற்ற பொறியியலாளர் இருப்பதற்கான சான்று, பல்கலைக்கழக வளவிலேயே பொருத்தி இயக்கிக் காட்டுதல், உத்தரவாதக் காலம் இயக்கிக் காட்டிய நாளிலிருந்து தொடங்குதல் ஆகிய நான்கு நிபந்தனைகளையும் கட்டாயமாக்குங்கள். கடைசி நிபந்தனை இருந்திருந்தால் எங்கள் கிருமிநீக்கியின் வெப்பச்சுருளை முகவரே தன் செலவில் மாற்றியிருப்பார்.

கருவி வந்த பின்

பெட்டி வந்த நாளில் ஏற்புச் சீட்டில் கையொப்பமிடும்படி லொறிக்காரர் அவசரப்படுத்துவார். பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதி ஒப்பமிடுங்கள். கருவியை ஏற்றுக்கொண்டதாக ஒப்பமிடுவது, விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரியையும் பொறியியலாளர் உங்கள் முன்னால் உங்கள் மாதிரியை வைத்து இயக்கிக் காட்டிய பின்னரே நடக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, இலக்கத்தைக் கருவியின் பின்புறத்தில் எழுதாமல் முன்புறத்தில் எழுதுங்கள். கணக்காய்வுக்கு வருபவர் பாரமான கருவியைத் திருப்பிப் பார்க்க மாட்டார், "காணப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்.

கருவிக்குப் பக்கத்தில் நூலால் கட்டிய பேனையோடு ஒரு பதிவுப் புத்தகம் இருக்கட்டும். திகதி, பாவித்தவர், பாடம் அல்லது ஆய்வு, மாதிரிகளின் எண்ணிக்கை, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், கண்ட குறை ஆகிய ஏழு நிரல்கள் போதும். அசற்றிலீன் பாவிக்கும் கருவியாயின் சிலிண்டர் அமுக்கத்துக்கு எட்டாவது நிரலும் வேண்டும். அவ்வாயு சிலிண்டருக்குள் அசற்றோனில் கரைந்திருப்பதால், அமுக்கம் ஏறத்தாழ 700 கிலோபஸ்காலுக்குக் கீழே போனால் அசற்றோனும் சேர்ந்து வெளியேறிச் சுவாலையையும் குழாயையும் கெடுக்கும்; சிலிண்டரில் இன்னும் வாயு இருக்கிறதே என்று சிக்கனம் பார்த்தவர்கள் பின்னர் வால்வுக்கும் குழாய்க்கும் செலவழித்திருக்கிறார்கள். பயன்படாமற் கிடக்கும் கருவிகளைப் பற்றிக் கணக்காய்வில் கேள்வி எழும்போதும், அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றக் கோப் குழுவின் முன்னர் பல்கலைக்கழகம் விடை சொல்ல நேரும்போதும் துணைவேந்தரின் கையில் இருக்கப்போவது இந்தப் புத்தகத்தின் நகல்தான். இரண்டாவது கருவியைக் கேட்கும் கோரிக்கையின் முதலாவது இணைப்பும் அதுவே.

இறுதியாகப் பழைய கருவியைப் பற்றி ஒரு குறிப்பு. பத்தாண்டுகளாக ஓடாத நிறமாலை ஒளிமானி மேசையை அடைத்துக்கொண்டிருக்க, இருப்புப் பதிவேட்டில் அது நல்ல நிலையில் இருப்பதாக இருந்தால், புதியதற்கான கோரிக்கை "ஏற்கனவே உண்டு" என்ற குறிப்போடு திரும்பும். ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்புக் குழு வரும்போது, திருத்த முடியாது என்ற முகவரின் கடிதத்தையும் தொழினுட்ப உத்தியோகத்தரின் அறிக்கையையும் சேர்த்துக் கையளித்து, அகற்றுவதற்கான பரிந்துரையைக் கேளுங்கள். பதிவேட்டிலிருந்து அதன் பெயர் வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துப் புதிய கோப்பில் வையுங்கள். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, வெறுமையான மேசையின் நீள அகலத்தை அளக்கலாம்.